ஒரு சுவர், இரண்டு கரைகள்: சென்னையைப் பார்க்கும் வழி

சென்னைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் அந்நகரைத் தங்கள் பயணத்தின் வாசற்படியாக மட்டுமே கருதி, விமான நிலையத்திலிருந்தோ சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்தோ வெளியே வந்த மறுநாளே மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. மதுரை என்றதும் மீனாட்சியம்மன் கோயிலும் தஞ்சாவூர் என்றதும் பெரிய கோயிலும் கண்முன் நிற்பதுபோலச் சென்னைக்கு ஒற்றை அடையாளக் கட்டடம் இல்லை; இருப்பவற்றிலும் பெரும்பகுதி காட்சிக்கென ஒதுக்கப்படாமல் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்குகின்றன. ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையில் ஒரு பகுதியான கலசமகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்குகளை விசாரிக்கிறது. பழைய கலங்கரை விளக்கங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்தின் குவிமாடத்தின் மேல் அமைந்திருக்கிறது. பிறர் வேலை செய்யும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பே இந்நகரில் பயணிக்கும் கிடைக்கிறது: யாரும் விரட்டுவதில்லை, யாரும் நின்று விளக்குவதும் இல்லை.

ஆயினும் சிதறிக் கிடப்பனபோல் தோன்றும் இவ்விடங்களை ஒரு தொடர்ச்சியில் வைத்துப் பார்க்க உதவும் பொருள் ஒன்று நகரில் உண்டு. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் பார்க்கவேண்டிய இடமாகக் குறிப்பிடப்படாத அது, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர். கடலலையின் வேகத்தைத் தணித்துக் கப்பல்களுக்கு அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவதற்காகக் கடலுக்குள் கட்டப்படும் கற்சுவரே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. சென்னையின் புகழ்பெற்ற கடற்கரை உருவானதற்கும், அந்நகரின் வடபகுதி கடற்கரையை இழந்து நிற்பதற்கும் இந்த ஒரே சுவர் காரணமாக இருப்பதால், அதை அறிந்துகொண்டு நகரைச் சுற்றுவதே முறையான தொடக்கமாக அமையும்.

நகரின் பிறப்பிலேயே ஒரு முரண் இருந்தது. தாமர்லா வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே என்பவர் பெற்ற நிலத்தில், ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு வேண்டிய எதுவும் இல்லை; வளைகுடாவோ, ஆழமான ஆற்றுமுகமோ, கப்பலுக்கு மறைவு தரும் தீவோ இல்லாத திறந்த மணற்கரையாகவே அது இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நெய்யப்பட்ட பருத்தித் துணியே வணிகர்களை இங்கு ஈர்த்தது. துணியைச் சலவை செய்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டையும், 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டையும் அந்த வணிகத்தின் தடங்கள். கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட இவை, அலை மோதும்போது பிளந்துபோகாமல் நெளிந்துகொடுத்தன. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, தென்னிந்தியாவின் ஆட்சித் தலைநகராக இருந்த ஓர் ஊரின் கடல்வணிகம் முழுவதும் கரையோர மீனவர்களின் கைத்திறனையே நம்பியிருந்தது என்பதைக் கோட்டையைப் பார்க்கச் செல்பவர் நினைவில் கொள்வது நல்லது.

செயற்கைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயலில் சுவர்கள் சிதைய, அவை மீண்டும் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வரும் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துவதும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் அந்த ஓட்டம் திசைமாறுவதும் இக்கடற்கரையின் இயல்பு. கடலுக்குள் நீண்ட சுவர் அந்த மணல் ஓட்டத்தை மறித்ததால், சுவருக்குத் தெற்கே மணல் ஆண்டுக்கு ஆண்டு குவிந்தது. வடக்கே போகவேண்டிய மணல் போய்ச்சேராததால் அங்கே கடல் நிலத்தை அரித்தது. தெற்கே குவிந்த மணலுக்கு மெரினா என்று பெயர். கரையை ஒட்டி 1884இல் உலாச்சாலை அமைத்த ஆளுநர் கிராண்ட் டஃப், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் கண்ட கடற்கரைச் சாலையின் நினைவில் அப்பெயரைச் சூட்டினார். இயற்கையின் கொடை என்று வருணிக்கப்படும் கடற்கரை, உண்மையில் பொறியியல் பணி ஒன்றின் எதிர்பாராத விளைபொருள்.

இன்று சாலையிலிருந்து நீர்விளிம்பு வரை சில இடங்களில் 400 மீட்டருக்கு மேல் அகன்றுள்ள அந்த மணற்பரப்பை நகரம் பயன்படுத்தும் விதமே ஒரு தனிக் காட்சி. விடியற்காலையில் நடைப்பயிற்சியாளர்களுக்கும், நண்பகலில் பெரும்பாலும் யாருக்கும் உரியதாக இல்லாமலும் இருக்கும் மெரினா, மாலை 5 மணிக்குமேல் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் விற்பவர்களாலும், பலூன் சுடும் கடைகளாலும், வாடகைக் குதிரைகளாலும், மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வந்து கடலை முதன்முறையாகப் பார்க்கும் குடும்பங்களாலும் நிறைந்துவிடுகிறது. கடலில் இறங்கிக் குளிப்பது மட்டும் கூடாது. கரையை ஒட்டியே ஆழம் திடீரென மிகுவதாலும், திரும்பிச் செல்லும் அலையின் இழுப்பு வலுவானதாலும் உயிரிழப்புகள் தொடர்வதால் காவல்துறை அதைத் தடுத்துவருகிறது.

மெரினாவைச் சிலைகளின் வரிசையாகவும் படிக்கலாம். 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட புலவர்களின் சிலைகளுக்கு நடுவே கால்டுவெல், போப், வீரமாமுனிவர் ஆகிய அயல்நாட்டுத் தமிழறிஞர்களும் நிற்பது, தன் மொழிக்கு உழைத்தவர் எங்கிருந்து வந்தவர் என்று தமிழகம் கணக்குப் பார்ப்பதில்லை என்பதற்குச் சான்று. கலைநோக்கில் அவை அனைத்திலும் மேலானது, சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி உருவாக்கி 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையைப் புரட்ட முயலும் நான்கு மனிதர்களின் தசையிலும் தோளிலும் தெரியும் பளுவின் உணர்வை மற்றச் சிலைகளில் காணமுடியாது. இந்தியாவின் முதல் மே நாள் 1923இல் ம. சிங்காரவேலரால் இதே கடற்கரைப் பகுதியில் கொண்டாடப்பட்டது. அவர் அருகிலுள்ள அயோத்தியாகுப்பத்தின் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணா முதல் கருணாநிதி வரை நான்கு முதலமைச்சர்களின் நினைவிடங்களும் இந்த மணலில்தான் உள்ளன. அரசியல் தலைவர்களைக் கடற்கரையில் அடக்கம் செய்து, அவ்விடத்தை மக்கள் குடும்பத்தோடு சென்று பார்க்கும் இடமாக ஆக்கிக்கொண்ட வழக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் புதிராகத் தோன்றக்கூடும். தமிழக அரசியலில் தலைவருக்கும் தொண்டருக்கும் உள்ள பிணைப்பை உணர்ந்தவர்க்கு அதில் வியப்பில்லை.

சாலையின் மறுபக்கம் வேறொரு நூற்றாண்டு நிற்கிறது. இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கூறுகளைக் கலந்து அமைக்கப்படும் பாணி இந்தோ-சாரசெனிக் எனப்படும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் நிறைவுற்ற சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லம் அப்பாணியின் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அதற்குத் தெற்கே, வட்ட முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் கட்டப்பட்டபோது பனிக்கட்டிக் கிடங்காக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றி, மசூலாப் படகில் கரைசேர்த்து, வெயிலில் வாடிய கம்பெனி அதிகாரிகளுக்கு விற்ற அந்த வணிகம், செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் மறைந்தது. 1897இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் சில நாட்கள் அங்கே தங்கியதால் கட்டடம் பிழைத்தது.

கோட்டைக்குச் செல்பவர் அடையாள அட்டையுடன் செல்லவேண்டும். பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பின்னும் அவர் பார்க்கக்கூடியவை இரண்டே. முதலாவது, 1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயம். பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும்பொருட்டு மரம் சேர்க்காத வளைவுக் கூரையுடனும் பருத்த சுவர்களுடனும் கட்டப்பட்ட இதில்தான் ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் நடந்தது. இரண்டாவது, கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம், பிரெஞ்சுப் படையெடுப்புகளுக்குப் பின்னர் எதிரிகளுக்கு மறைவிடமாகிவிடக் கூடாதென்று தரைமட்டமாக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தில் எழுந்ததே 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம்.

அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள் வடக்கே அமைத்த குடியிருப்பு இன்றைய ஜார்ஜ் டவுன். சென்னையில் ஒரு நாள் மட்டுமே தங்க முடிந்த பயணி அந்த நாளை எங்கே செலவிடலாம் என்ற கேள்விக்கு, கோட்டையைவிடவும் மெரினாவைவிடவும் இந்தப் பகுதியையே இக்கட்டுரை பரிந்துரைக்கும். ஒரு தெருவில் காகிதம், அடுத்த தெருவில் பூட்டும் கீலும், அதற்கடுத்ததில் பித்தளைப் பாத்திரம் என்று தொழில்வாரியாகப் பிரிந்து கிடக்கும் இத்தெருக்களில், சௌகார்ப்பேட்டையின் மார்வாடி, குஜராத்தி வணிகர்களும், தெலுங்குக் கோமுட்டிச் செட்டிகளும், மரைக்காயர்களும் தத்தம் கோயில், பள்ளிவாசல், சத்திரங்களுடன் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றனர். அரண்மனைக்காரன் தெரு என்று தமிழில் வழங்கப்பட்ட அர்மீனியன் தெருவில் 1772இல் கட்டப்பட்ட அர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் அர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளியானது இந்த ஊரிலிருந்துதான் என்பதும், அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியன் இவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதும் அத்தெருவில் நாள்தோறும் நடப்பவர்கள் பலருக்குத் தெரியாது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பர்மா பஜார், 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்களின் பிழைப்புக்காக உருவானது. மாலையில் அதையொட்டிய தள்ளுவண்டிகளில் விற்கப்படும் அத்தோ என்பது, வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தரும் பர்மிய உணவு. வாழைத்தண்டுச் சூப்பு அதற்குத் துணை. சென்னை உணவு என்றால் இட்லியும் வடிகட்டிய காப்பியும் மட்டுமே என்று எழுதுபவர்கள் இவ்வண்டிகளுக்கு அருகே சென்றதில்லை போலும்.

தெற்கே மயிலாப்பூர், கம்பெனி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே ஊராக இருந்தது. கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையை ஒட்டி இருந்ததாகவும், 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது அழிந்த பின்னரே இப்போதுள்ள இடத்தில் புதிதாக எழுப்பப்பட்டதாகவும் வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை மீது அமைந்ததாக நம்பப்படும் சாந்தோம் பேராலயத்துக்கும் கபாலீசுவரர் கோயிலுக்கும் இடையே நடந்தே செல்லும் தொலைவுதான். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் நாயன்மார் அறுபத்து மூவரின் திருமேனிகளும் மாடவீதிகளில் உலாவருவதைக் காண்பவர்க்குக் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளும் கோயிலின் பகுதியே என்பது விளங்கும். நடைமுறைக் குறிப்பொன்று: நண்பகலிலிருந்து மாலை 4 மணி வரை கோயில் நடை சாத்தப்பட்டிருக்கும், ஆகவே அந்த வெயில் நேரத்தை எழும்பூருக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

எழும்பூரில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும். ஆந்திரத்தின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து கொண்டுவரப்பட்ட சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இங்கு ஒரு கூடத்தை நிறைத்துள்ளன. அதே தூபியின் வேறு சில சிற்பங்கள் சென்னையில் பல ஆண்டுகள் திறந்தவெளியில் கிடந்த பின் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. படிமக் கூடத்தில், பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் ஒளிப்படங்களில் மட்டுமே கண்டு மயங்கி எழுதிய திருவாலங்காட்டு நடராசரையும், ஒரே உடலில் ஆணின் விறைப்பும் பெண்ணின் வளைவும் முறியாமல் இணையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் ஒரு மணி நேரமாவது நின்று பார்க்கவேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கல்கோடரி இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம். அவரது சேகரிப்பு இந்த அருங்காட்சியகத்துக்கே வந்துசேர்ந்தது. பல்லாவரம் விமான நிலையத்தை ஒட்டியே உள்ளதால், விமானத்தில் சென்னைக்கு வரும் ஒவ்வொரு பயணியும் அந்த மண்ணுக்கு அருகிலேயே தரையிறங்குகிறார்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை வருபவர்க்கு நகரம் வேறு முகத்தைக் காட்டும். சபா என்பது இசை, நடன நிகழ்ச்சிகளை நடத்தும் உறுப்பினர் அமைப்பு. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக மறு ஆண்டு தொடங்கப்பட்ட மியூசிக் அகாதெமி அவற்றுள் முதன்மையானது. மார்கழிப் பருவத்தில் ஏராளமான சபாக்கள் காலை முதல் இரவு வரை கச்சேரிகள் நடத்துகின்றன. இளம் கலைஞர்கள் பாடும் பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மிருதங்கக் கலைஞர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையோரில் ஒரு பகுதியினர் எழுந்து சபா கேன்டீனை நோக்கி நடப்பதைப் புதியவர் கண்டு திகைக்கவேண்டாம். தாளவாத்தியக் கலைஞர்கள் நெடுங்காலமாக வருந்திவரும், யாராலும் திருத்த முடியாத பழக்கம் அது. இவ்விசை யாருக்கு உரியது என்ற கேள்வியும் நகருக்குள்ளேயே எழுந்தது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவ ஊரில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கருநாடக இசையையும் பறையாட்டத்தையும் கானாவையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது.

போக்குவரத்தைப் பொறுத்தவரை மெட்ரோ ரயில் விமான நிலையத்தை சென்ட்ரலுடனும் வடசென்னையுடனும் இணைக்கிறது. ஆனால் நகரைப் பார்ப்பதற்கு உகந்தது, உயர்மட்டப் பாதையில் ஓடுவதால் பறக்கும் ரயில் எனப்படும் தடம். அதன் தூண்கள் நெடுந்தொலைவுக்கு பக்கிங்காம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டுள்ளன. 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட நீர்வழியே இப்பகுதிக் கால்வாய். பருவத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான மழைக்காலத்தையும், மே மாதக் கத்திரி வெயிலையும் தவிர்த்துவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் வருவதே நலம்.

பெரும்பாலான பயணத் திட்டங்கள் கோட்டைக்கு வடக்கே போவதில்லை. அலைத்தடுப்புச் சுவரின் மறுபக்கம் அங்கேதான் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட ராயபுரம் நிலையம், தூண்கள் நிறைந்த முகப்புடன் இன்றும் இயங்குகிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று கூடை கூடையாகக் கைமாறும் அந்த நேரத்தில் ஒதுங்கி நின்று பார்ப்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை, குறுக்கே நிற்பவருக்குத்தான் வசவு. மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அக்காலத்தில் இந்தப் பரபரப்பைக் காண முடியாது.

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கரைச்சாலையில் செல்பவர் மணலை அரிதாகவே காண்பார். மெரினாவில் சாலைக்கும் கடலுக்கும் இடையே பரந்துகிடக்கும் மணலின் இடத்தில் இங்குக் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. பழைய தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போனதை இவ்வூர் முதியவர்கள் இடம்சுட்டிச் சொல்வார்கள். அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கல்வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். தமிழகக் கரையோரம் முழுவதும் மீனவர் கோரிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் சொல் இது. இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு இடையே ஓரளவு மணல் சேர்ந்து, படகுகளை ஏற்றி நிறுத்த இடம் கிடைக்கிறது. ஆனால் துறைமுகச் சுவர் பெரிய அளவில் செய்ததையே ஒவ்வொரு தூண்டில் வளைவும் சிறிய அளவில் செய்வதால், தெற்கே மணல் தங்கும்போது வடக்கே அரிப்பு தொடங்குகிறது. அதைக் கண்ட அடுத்த குப்பத்தார் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்கின்றனர், கல்வரிசைகளும் அரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணூர் நோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன.